நோட்டுக்கு எண் உண்டு, கைகளுக்குப் பெயர் இல்லை

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டுக்குப் பிறப்பும் இறப்பும் கணக்கில் இருக்கின்றன. வாஷிங்டனிலோ, டெக்சஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரிலோ இருக்கும் அரசு அச்சகத்தில் அது அச்சாகும்போதே அதற்கென்று ஒரு வரிசை எண் விழுந்துவிடுகிறது. சராசரியாக ஆறேழு ஆண்டுகள் உழைத்து, கசங்கி நைந்து, மத்திய வங்கியின் எந்திரத்துக்குள் போகிறது. இனித் தேறாது என்று எந்திரம் கண்டால் அங்கேயே பொடிப்பொடியாக நறுக்கிவிடுகிறது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே அந்த நோட்டு எந்தக் கடையின் கல்லாவில் கிடந்தது, எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் கைமாறியது, எத்தனை மாதம் யார் வீட்டு மேசை இழுப்பறையில் தூங்கியது என்பதை எந்தப் பேரேடும் சொல்லாது. அச்சடித்தவர்களுக்கே தெரியாத அந்த நடுவாழ்க்கையைத் தெரிந்துகொள்ளும் ஆசையில், கைக்கு வரும் நோட்டுகளின் எண்களை உட்கார்ந்து பதிவு செய்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளம். வேலையற்றவர்களின் வேலை என்று இதை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தகவல் திரட்ட எது நல்ல வழி என்று கேட்டால், நம் காலத்துப் பெரிய நிறுவனங்களிடம் இருக்கும் பதிலைவிட நாகரிகமான ஒரு பதில் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் விதிகள். 1998 டிசம்பரில் ஹாங்க் எஸ்கின் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர் ‘வேர்ஸ் ஜார்ஜ்?’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார். ஒரு டாலர் நோட்டில் இருக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் இப்போது எங்கே என்பதுதான் பெயரிலேயே இருக்கும் கேள்வி. நோட்டின் மதிப்பு, அச்சுத் தொடரின் ஆண்டு, வரிசை எண், பதிவு செய்பவர் இருக்கும் இடத்தின் அஞ்சல் குறியீடு ஆகியவற்றை அதில் உள்ளிட வேண்டும். பிறகு நோட்டின் ஓரத்தில் தளத்தின் முகவரியை ரப்பர் முத்திரையால் குத்தி, வழக்கம்போலக் கடையில் செலவழித்துவிட வேண்டும். அடுத்து அது யார் கையில் சிக்குகிறதோ அவருக்கு ஆர்வம் பிறந்து அதே எண்ணை உள்ளிட்டால், நோட்டு எத்தனை நாளில் எவ்வளவு தொலைவு போயிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியவரும். தெரிந்தவருக்குக் கொடுத்துப் பதியச் சொல்வது ஆட்டத்தைக் கெடுக்கும் செயல். நோட்டு தன் போக்கில் போக வேண்டும். மதிப்பெண் போடும் சூத்திரத்தில்கூட மடக்கைக் கணக்கு உண்டு. ஆயிரமாவது நோட்டைப் பதிவதால் ஏறும் மதிப்பெண் பத்தாவது நோட்டால் ஏறியதைவிட மிகக் குறைவு என்பதால், எண்களைக் கொட்டிக் குவிப்பவருக்குப் பெரிய பலன் இல்லை. பதிவான நோட்டுகளில் சுமார் பத்தில் ஒன்றுதான் மறுபடி கண்ணில் படுகிறது. மற்றவை போனவை போனவைதான்.

ஐரோப்பாவில் இதே ஆட்டம் வேறு பாணியில் நடக்கிறது. 2002 ஜனவரி 1 அன்று பன்னிரண்டு நாடுகளில் யூரோ நோட்டும் நாணயமும் புழக்கத்துக்கு வந்தன. ‘யூரோபில்டிராக்கர்’ தளமும் அப்போதே பிறந்தது. அங்கே நோட்டில் முத்திரை குத்தும் வழக்கம் பரவவில்லை. எண்ணை மட்டும் பதிந்துவிட்டு நோட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதே ஆர்வம் கொண்ட இன்னொருவர் கையில் தற்செயலாக அது போய்ச் சேர்ந்தால்தான் பொருத்தம் கிடைக்கும். ஆகவே அங்கே நூறு நோட்டுக்கு ஒன்றுகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. இருந்தும் ஆர்வம் குறையாததற்கு ஒரு காரணம் நோட்டிலேயே இருந்தது. முதல் வரிசை யூரோ நோட்டுகளில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து, நோட்டு எந்த நாட்டின் மத்திய வங்கிக்காக அச்சானது என்பதைக் காட்டியது: எக்ஸ் என்றால் ஜெர்மனி, யூ என்றால் பிரான்ஸ், எஸ் என்றால் இத்தாலி, வி என்றால் ஸ்பெயின். ஹெல்சிங்கியில் தேநீர் குடித்துவிட்டு வாங்கிய சில்லறையில் கிரேக்க நோட்டு ஒன்று இருந்தால், கண்டம் முழுக்கக் கடந்து வந்த விருந்தாளி அது. நாணயங்களில் இது இன்னும் வெளிப்படை. ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டுக்குரியது. நெதர்லாந்தின் கணிதவியலாளர்களும் பிரான்சின் புவியியலாளர்களும் மக்களின் சட்டைப்பையில் இருக்கும் நாணயங்களை எண்ணச் சொல்லி, ஒரு நாட்டுக் காசு மற்ற நாடுகளில் எவ்வளவு வேகத்தில் கலக்கிறது என்று ஆராய்ந்தார்கள்.

கையில் இருக்கும் காசை உற்றுப் பார்க்கச் சொல்லி மக்களைக் கேட்பது இணையம் கண்டுபிடித்த உத்தி அல்ல. 1868-இல் இங்கிலாந்தின் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், நாட்டில் புழங்கும் தங்க நாணயங்கள் எந்த அளவு தேய்ந்திருக்கின்றன என்று அறிய விரும்பினார். அரசின் நாணயச்சாலைக்குத் தான் எத்தனை நாணயம் வார்த்தோம் என்று தெரியும். வார்த்தவை என்ன ஆயின என்பது தெரியாது. ஜெவன்ஸ் நாடெங்கும் உள்ள வங்கிக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் கடிதம் எழுதி, அவர்கள் கையில் உள்ள தங்க நாணயங்களில் பொறித்திருக்கும் ஆண்டுகளை எண்ணி அனுப்பச் செய்தார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களுக்குக் கணக்கு வந்தது. ஆண்டையும் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்து, புழக்கத்தில் இருந்த முழுத் தங்கப் பவுன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றும், அரைப் பவுன்களில் ஏறக்குறைய பாதியும் சட்டம் கேட்கும் எடைக்குக் கீழே இறங்கிவிட்டன என்று காட்டினார். யார் எவ்வளவு தங்கம் வைத்திருக்கிறார்கள் என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. கேள்வி நாணயத்தைப் பற்றியது. பதிலையும் நாணயமே சொன்னது. இந்த முறையின் அடிப்படை இதுதான்: சமூகத்தைப் பற்றிய சில கேள்விகளுக்கு ஆட்களை விசாரிக்காமல், ஆட்களிடையே புழங்கும் பொருளை விசாரித்தே பதில் பெற்றுவிட முடியும்.

நோட்டுப் பதிவுகளை அறிவியல் எப்படிக் கண்டுகொண்டது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணிக்க வேண்டுமானால் மனிதர்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். லார்ஸ் ஹூஃப்நாகல், டிர்க் பிராக்மன், தியோ கைசெல் ஆகிய மூன்று ஜெர்மானிய இயற்பியலாளர்கள், உலகின் விமானப் போக்குவரத்துத் தரவை வைத்து சார்ஸ் நோயின் பரவலை மாதிரியாக்கி 2004-இல் வெளியிட்டிருந்தார்கள். ஆனால் மனிதன் விமானத்தில் மட்டுமா போகிறான்? கார், ரயில், பேருந்து, நடை எல்லாம் கலந்த அன்றாடப் போக்குவரத்துக்கு ஒருங்கிணைந்த பதிவேடு எதுவும் அப்போது இல்லை. அந்த இடத்தில்தான் டாலர் நோட்டு உதவிக்கு வந்தது. ரூபாய் நோட்டோ டாலர் நோட்டோ, தானாக நகராது. ஒரு மனிதர் சுமந்து போனால்தான் ஊர் மாறும். ‘வேர்ஸ் ஜார்ஜ்?’ தளத்தில் பதிவான 4,64,670 நோட்டுகளைப் பற்றிய 10,33,095 பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முடிவு 2006 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வேடிக்கைக்காகத் தட்டச்சு செய்யப்பட்ட எண்கள், உலகின் முன்னணி அறிவியல் இதழில் மனித நடமாட்டத்தின் விதிகளாக அச்சேறின.

அந்த விதிகள் என்ன? முதல் நான்கு நாட்களுக்குள் நோட்டு போயிருக்கும் தொலைவுகளை வரிசைப்படுத்தியபோது, பெரும்பாலானவை கிளம்பிய இடத்தின் அருகிலேயே இருந்தன. அது யாரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பாராதது என்னவென்றால், தொலைவு கூடக் கூட நோட்டுகளின் எண்ணிக்கை சட்டென்று அற்றுப்போகவில்லை. சுமார் 10 கிலோமீட்டரிலிருந்து 3,500 கிலோமீட்டர் வரைக்கும் ஒரே விகிதம் நீடித்தது: தொலைவு இரு மடங்கானால் அந்தத் தொலைவில் நோட்டு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பரவலில் ‘வழக்கமான பயணத் தூரம்’ என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. நிறையச் சிறு நகர்வுகளுக்கு நடுவே அவ்வப்போது மிகப் பெரிய தாவல் வரும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பால் லெவியின் பெயரால் இதை லெவிப் பாய்ச்சல் என்பார்கள். இந்தப் பாய்ச்சல் மட்டும் நடந்தால் நோட்டுகள் இரண்டு மூன்று மாதத்துக்குள் நாடெங்கும் சீராகக் கலந்திருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரில் தொடங்கி நூறு நாளுக்கு மேல் கழித்துக் கிடைத்த நோட்டுகளில் 23.6 சதவீதமே 800 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தன. 57.3 சதவீதம் 50-க்கும் 800-க்கும் இடைப்பட்ட தொலைவில் இருந்தன. 19.1 சதவீதம் 50 கிலோமீட்டர் வட்டத்தை விட்டே நகரவில்லை. காரணம், நோட்டு பாயவும் செய்கிறது, நெடுநாள் தங்கவும் செய்கிறது. தங்கும் காலத்துக்கும் அதே போல எல்லை இல்லை. பாய்ச்சலும் முடக்கமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் இந்த இரட்டைத் தன்மையை இரண்டே எண்களில் அடக்கிக் காட்டியதுதான் ஆய்வின் சாதனை.

நான்கு ஆண்டு கழித்து அதே வகைத் தரவிலிருந்து இன்னொரு கேள்விக்கு விடை தேடினார்கள். அரசு வரைந்த மாநில எல்லைகளை மறந்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குள் நோட்டுகள் அதிகம் சுற்றுகின்றன, எந்தக் கோட்டைத் தாண்டத் தயங்குகின்றன என்று பார்த்தால் அமெரிக்க வரைபடம் எப்படி இருக்கும்? பிராக்மன் குழுவினர் 2010-இல் ‘பிளோஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட வரைபடத்தில் சில எல்லைகள் மாநில எல்லைகளோடு அப்படியே பொருந்தின. வேறு சில மாநிலத்தின் நடுவயிற்றில் கீறிக்கொண்டு போயின. மிசூரி மாநிலம் கிழக்கு மேற்காகப் பிளந்தது. பென்சில்வேனியாவை அப்பலாச்சியன் மலைத்தொடர் இரண்டாக்கியது. மக்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எங்கே சாமான் வாங்குகிறார்கள், உறவினர் வீடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து நாட்டின் மேல் போட்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத வேலிகள் அவை. எந்த அரசாணையிலும் இல்லாத எல்லைகளைக் கல்லாப்பெட்டிகள் அறிந்திருந்தன. இதைக் கண்டுபிடிக்க ஒரு குடும்பத்திடம்கூட ‘போன வாரம் எங்கே போனீர்கள்’ என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி நியாயமானது: நோட்டு மனிதன் அல்லவே. நோட்டு ஒரே ஆளோடு போவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, ஆளுக்குக் கொஞ்ச தூரமாகப் பயணம் செய்கிறது. போதாக்குறைக்கு வங்கிக்குள் போனால் ஆயிரம் நோட்டுகளோடு கலந்து, பணம் ஏற்றும் வண்டியில் வேறு ஊருக்குப் போய்விடும். இந்த ஐயத்தை 2008-இல் மார்த்தா கோன்சாலஸ், செஸர் ஹிடால்கோ, ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி மூவரும் அதே ‘நேச்சர்’ இதழில் எண்களோடு முன்வைத்தார்கள். பெயர் நீக்கப்பட்ட ஒரு லட்சம் செல்பேசிப் பயனாளர்களின் ஆறு மாத நடமாட்டத்தைப் பார்த்த அவர்கள், தனிமனிதன் நோட்டைப் போலக் கால்போன போக்கில் அலைவதில்லை என்று காட்டினார்கள். வீடு, வேலையிடம் என்று ஒரு சில இடங்களுக்கே அவன் திரும்பத் திரும்ப வருகிறான்; ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு சுற்றளவு உண்டு. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இதனால் நோட்டு சொன்னது பொய்யாகிவிடவில்லை. தனிமனிதன் வீடு திரும்புகிறான். அவன் கைமாற்றிய நோட்டு திரும்புவதில்லை. அவன் இன்னொருவருக்குத் தொற்றவைத்த காய்ச்சலும் திரும்புவதில்லை. ஆளுக்கு ஆள் தாவிச் செல்லும் எதுவாக இருந்தாலும், அதன் பாதை ஒரு மனிதனின் பாதையைவிட நோட்டின் பாதைக்கே நெருக்கமானது. எந்தக் கேள்விக்கு எது சாட்சி என்று பிரித்துக்கொண்டால் இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

இரண்டாவது ஆட்சேபம் மாதிரியைப் பற்றியது. பதிவு செய்பவர்கள் தாமாக வந்தவர்கள். கணினியும் ஓய்வு நேரமும் உள்ளவர்கள். ஏழை எளியவரின் நோட்டுகள், இணைய வசதி இல்லாத ஊர்களின் நோட்டுகள் கணக்கில் குறைவாகவே வரும். உண்மைதான். மறுபடி பதியப்படாத பத்தில் ஒன்பது நோட்டுகள் எங்கே போயின என்பதும் தெரியாது. இந்தக் குறையைச் சரிக்கட்டுவது நோட்டுக்கே உரிய ஒரு குணம்: இரண்டு பதிவுகளுக்கு நடுவே அது எத்தனையோ பேர் கையில் இருந்திருக்கும், அவர்களில் பெரும்பாலோர் இந்தத் தளத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஆர்வலருடையவை, நடுவழி ஊருடையது. ஆனாலும் வரம்பு எங்கே என்பதை 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது கண்கூடாகப் பார்க்க முடிந்தது. நோட்டுத் தரவையும் விமானத் தரவையும் இணைத்து, மே மாத இறுதிக்குள் அமெரிக்காவில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்று பிராக்மன் குழு கணித்தது. நோய் எந்தப் பகுதிகளுக்குப் போகும் என்பதற்கு அந்த முறையில் ஆதாரம் இருந்தது. எண்ணிக்கையோ சில ஆயிரத்துக்குள்தான் வந்தது. உறுதி செய்யப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையே அதைப் பல மடங்கு தாண்டிவிட்டது. சாலைகளை நோட்டு காட்டும். அந்தச் சாலையில் ஏற்கனவே எத்தனை நோயாளிகள் இறங்கிவிட்டார்கள் என்பதை அது காட்டாது. அதற்கு மருத்துவமனைக் கணக்கு வேண்டும். ஒரு சாட்சியை அதன் எல்லைக்கு மேல் பேசவைத்ததுதான் தவறு, சாட்சி பொய்யல்ல.

மூன்றாவது ஆட்சேபமே இன்று பலமானது. ஒவ்வொருவர் பையிலும் செல்பேசி இருக்கும்போது இந்தக் கந்தல் காகிதத்தை எதற்குத் துரத்த வேண்டும்? செல்பேசி நிமிடத்துக்கு நிமிடம் சொல்லும், கோடிக்கணக்கானவர்களைப் பற்றிச் சொல்லும், பதிவு செய்யச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதும் இல்லை. பெயரை நீக்கிவிட்டால் அந்தரங்கமும் பத்திரம் என்பார்கள். பத்திரமா? இவ்-அலெக்சாந்தர் தெ மோந்த்ஜுவாவும் சக ஆய்வாளர்களும் 2013-இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பதினைந்து மாத காலத்துக்கு 15 லட்சம் பேரின் செல்பேசித் தடங்கள், எல்லாம் பெயர் நீக்கப்பட்டவை. ஒரு மணி நேரத் துல்லியத்தில், செல்பேசிக் கோபுரத்தின் எல்லை அளவிலான இடத் துல்லியத்தில், ஒருவர் இருந்த நான்கே நான்கு இடங்களும் நேரங்களும் தெரிந்தால் போதும். 95 சதவீதம் பேரின் தடத்தை மற்ற எல்லாருடைய தடத்திலிருந்தும் தனியாகப் பிரித்துவிடலாம். காலையில் அலுவலகம், மாலையில் பிள்ளையின் பள்ளி, ஞாயிறு அன்று தேவாலயம், இரவில் வீடு: இந்த நான்கும் தெரிந்த அண்டைவீட்டுக்காரர், மீதி பதினைந்து மாதத்தையும் படித்துவிட முடியும். மனிதன் அன்றாடம் திரும்பத் திரும்ப ஒரே இடங்களுக்குப் போகிறான் என்று கோன்சாலஸ் குழு கண்ட அதே குணம்தான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. தடம் கைரேகை போலாகிவிடுகிறது.

நோட்டின் தடத்தில் இந்த ஆபத்து இல்லாததற்கு அதைச் சேர்ப்பவர்களின் நல்லெண்ணம் காரணம் அல்ல. தரவின் அமைப்பே அப்படி. செல்பேசித் தடத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே ஆளுடையவை. நோட்டின் தடத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை ஆட்கள் என்றே தெரியாது. முதல் புள்ளியில் நின்றவர் யார், கடைசிப் புள்ளியில் நின்றவர் யார் என்று தெரிந்தாலும், நடுவில் இருந்தவர்களை எந்தக் கணினியாலும் மீட்டெடுக்க முடியாது. அந்தத் தகவல் எங்கும் பதிவாகவே இல்லை. சேகரித்த பிறகு மறைப்பது ஒரு வகைக் காவல். சேகரிக்காமலே இருப்பது இன்னொரு வகை. முதல் வகைக்குப் பூட்டு வேண்டும், பூட்டுக்குச் சாவி உண்டு, சாவி வைத்திருப்பவர் மனம் மாறலாம். இரண்டாவது வகையில் திருடுவதற்கே ஒன்றும் இல்லை. ஆர்வமிகுதியில் தினமும் பதிபவர் தன் ஊரையும் நாளையும் வெளியிடுகிறாரே என்றால், வெளியிடுகிறார்தான். ஆனால் அவர் தெரிந்தே செய்கிறார், எந்த நோட்டைப் பதிவது எதை விடுவது என்று அவரே முடிவு செய்கிறார். விரும்பவில்லை என்றால் நோட்டைப் பேசாமல் செலவழித்துவிடலாம். செல்பேசிக்காரருக்கு அந்த வசதி இல்லை.

வரிசை எண்ணே கண்காணிப்புக் கருவிதானே என்று கேட்கலாம். போலீஸ் நோட்டு எண்ணை வைத்துக் குற்றவாளியைப் பிடித்த கதைகள் உண்டே. அவற்றில் மிகப் புகழ்பெற்றதே என் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. 1932 மார்ச் 1 அன்று விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை நியூ ஜெர்சியில் கடத்தப்பட்டது. ஏப்ரலில் 50,000 டாலர் மீட்புத் தொகை கொடுக்கப்பட்டது. கொடுப்பதற்கு முன் எண்களைக் குறித்துக்கொண்டார்கள். எளிதில் அடையாளம் காணக்கூடிய தங்கச் சான்று நோட்டுகளை வேண்டுமென்றே அதில் சேர்த்தார்கள். மறு ஆண்டு அந்த நோட்டுகளையே திரும்ப ஒப்படைக்கச் சொல்லி அரசு ஆணையிட்டதால் அவை இன்னும் அபூர்வமாயின. எண்களின் பட்டியல் வங்கிகளுக்குப் போனது. நோட்டுகள் நியூயார்க்கில் இங்கும் அங்கும் தலைகாட்ட, போலீசார் வரைபடத்தில் குண்டூசிகளைக் குத்தினார்கள். குண்டூசிகள் பகுதியைக் காட்டின, ஆளைக் காட்டவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. 1934 செப்டம்பரில் ஒரு பெட்ரோல் நிலைய ஊழியர், பத்து டாலர் தங்கச் சான்று நோட்டைக் கொடுத்தவர் மேல் ஐயப்பட்டு, அவருடைய காரின் பதிவெண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார். அந்தப் பதிவெண்தான் புருனோ ஹாப்ட்மன் என்பவரிடம் கொண்டு போய் விட்டது. ஓர் ஆளின் அடையாளத்தை ஒருவர் கைப்பட எழுதிச் சேர்க்கும் வரைக்கும், நாட்டின் மொத்தப் போலீசும் தேடிய நோட்டுகள் ஊரைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை.

சட்டத்தின் ஆட்சேபம் இவற்றைவிடச் சிறியது, ஆனால் தட்டிக்கழிக்க முடியாதது. அமெரிக்கச் சட்டம், மறுபடி வெளியிட முடியாதபடி செய்யும் நோக்கத்தோடு நோட்டைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. நோட்டில் விளம்பரம் அச்சிடுவதையும் தடை செய்கிறது. ஓரத்தில் குத்தும் முத்திரை நோட்டைச் செல்லாததாக்குவதில்லை என்று ஆர்வலர்கள் வாதிடுவார்கள். ஆனால் 2000-இல் ரகசியச் சேவைத் துறை, தளத்தின் பெயர் பொறித்த ரப்பர் முத்திரைகளைத் தளமே விற்பது விளம்பரக் கணக்கில் வரும் என்று சொன்னதும் எஸ்கின் விற்பனையை நிறுத்திவிட்டார். இந்தியாவில் 1999-லேயே ரிசர்வ் வங்கி தூய நோட்டுக் கொள்கையை அறிவித்து, நோட்டில் எதையும் எழுத வேண்டாம் என்று மக்களைக் கேட்டு வருகிறது. அந்தக் கோரிக்கை சரியானது. அழுக்கும் கிறுக்கலும் ஏறிய நோட்டை எந்திரம் கழித்துவிடும், மாற்றி அச்சடிக்கும் செலவு பொதுப்பணம். முத்திரை குத்தாமலே ஆட முடியும் என்பதற்கு ஐரோப்பா சான்று. பத்துக்கு ஒன்று கிடைப்பதை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறக்கிக்கொள்ள மனம் வந்தால் போதும்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: நோட்டே மறைந்துகொண்டிருக்கும்போது இதெல்லாம் எதற்கு? அமெரிக்க மத்திய வங்கியின் கணக்குப்படி 2016-இல் மக்கள் செய்த நூறு பணப் பரிமாற்றங்களில் 31 ரொக்கமாக நடந்தன, 2023-இல் 16. யூரோ நாடுகளில் கடைகளில் நடக்கும் பரிமாற்றங்களில் ரொக்கத்தின் பங்கு 2016-இல் 79 சதவீதம், 2024-இல் 52. இந்தச் சரிவு நோட்டுப் பதிவை வலுவிழக்கச் செய்யும் என்பதில் ஐயமில்லை. எஞ்சும் நோட்டுகள் யார் கையில் புழங்குகின்றனவோ அவர்களைப் பற்றி மட்டுமே அவை பேசும். ஆனால் ரொக்கத்தின் இடத்தைப் பிடிக்கும் அட்டையும் செயலியும், மனித நடமாட்டத்தைப் பற்றி நோட்டைவிடக் குறைவாக அறிந்தவை அல்ல. பல மடங்கு அதிகம் அறிந்தவை. யார், எவ்வளவு, எந்தக் கடையில், எந்த நொடியில் என்று எல்லாமே அவற்றின் பதிவேட்டில் விழுகிறது. அந்தப் பதிவேடு வங்கிகளிடமும் நிறுவனங்களிடமும் இருக்கிறது. தடத்தை விட்டுச் சென்றவருக்கே அது எப்படிப் பயன்படுகிறது என்று தெரியாது. ஆகவே ரொக்கம் மறைகிறது என்பது இந்தப் பொழுதுபோக்கைக் கைவிடச் சொல்லும் காரணமாவதைவிட, அது காட்டிய முறையை வேறு இடங்களுக்குக் கொண்டுபோகச் சொல்லும் காரணமாகவே இருக்கிறது.

அந்த முறையை ஒரு விதியாகச் சொல்லலாம். பொது நன்மைக்காகத் தகவல் திரட்டும் எவரும், அது அரசானாலும் ஆய்வகமானாலும் நிறுவனமானாலும், முதலில் தன் கேள்விக்கு ஆளின் தடம் தேவையா, ஆட்களிடையே புழங்கும் பொருளின் தடம் போதுமா என்று சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். நோய் எந்தத் திசையில் போகும், எந்த ஊர் எந்த ஊரோடு பிணைந்திருக்கிறது, புதிய சாலை எங்கே வேண்டும் என்பன போன்ற கேள்விகளில் பலவற்றுக்குப் பொருளின் தடமே போதும். போதாத இடத்தில் ஆளின் தடத்தைக் கேட்கலாம். ஏன் போதவில்லை என்று விளக்கிவிட்டுக் கேட்கட்டும். இன்று நடப்பது தலைகீழ். ஆளின் தடம் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக முதலில் அதை வாரிச் சுருட்டிவிட்டு, பிறகு கேள்வி தேடுகிறார்கள். குறைவாகத் தெரிந்துகொண்டும் நிறையப் புரிந்துகொள்ள முடியும் என்பதற்கு, ‘நேச்சர்’ இதழ் வரை போன அந்த நாலரை லட்சத்துச் சொச்சம் நோட்டுகள் சான்று. இரண்டு பதிவுகளுக்கு நடுவே அவற்றைச் சுமந்து சென்றவர்களில் ஒருவருடைய பெயரும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. ஆய்வுக்கு அது தேவைப்படவும் இல்லை.